‘ஹோர்மோன் நோர்மல்’ என்று ரிப்போட் வந்துவிட்டதே, பிறகென்ன?

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 34. வடமராட்சி. கல்யாணம் முடிந்து மூன்று வருசமாகியும் பிள்ளை இல்லை. மனைவிக்கு 31 வயது. ஸ்கான், ஹோர்மோன், குழாய்ச் சோதனை எல்லாம் எடுத்தாச்சு, ஒரு குறையும் இல்லையாம். நான் 19 வயதிலிருந்து நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரட் பிடித்தவன். எட்டு மாதத்துக்கு முதல் விட்டிட்டன். இப்ப கனடாவிலிருந்து வந்த மச்சான் தந்த வேப் (மின்சிகரட்) மட்டும்தான். “அதிலை தார் இல்லை, வெறும் நிக்கோட்டின்தான், ஒண்டும் செய்யாது” என்கிறான். அப்பாவின் புகையிலைத் தோட்டத்திலும் நின்று வேலை செய்வேன். டெஸ்டோஸ்டிரோன் சோதித்தேன், நோர்மல். ஆனால் விந்துப் பரிசோதனையில் அளவு 2.1 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றருக்கு 9 மில்லியன், முன்னோக்கி ஓடுவது 22 வீதம் என்று வந்திருக்கு. ஹோர்மோன் சரியென்றால் இது எப்படிக் குறையும்? ஜிம்முக்கு வருகிற சிநேகிதன் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் எண்ணிக்கை ஏறும் என்கிறான். போடலாமா? இன்னொன்று, எழுதக் கூச்சமாயிருக்கு. சில நாட்களில் விறைப்பும் முந்தி மாதிரி இல்லை. அம்மா மனைவியைத்தான் சந்நிதிக்கும் சாத்திரிமாரிடமும் கூட்டிக்கொண்டு திரிகிறா. என் ரிப்போட்டை இன்னும் ஒருவருக்கும் காட்டவில்லை.

- பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள தம்பி,

ஊசி விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். போடாதீர்கள். பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற ஆண் கைவைக்கவே கூடாத மருந்து அது. உங்கள் சிநேகிதன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ‘ஆண் ஹோர்மோன்’ என்ற பெயரைக் கேட்டால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். உள்ளே நடப்பது நேர்மாறு.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹோர்மோன்கள் விதைகளுக்கு வருகின்றன. எல்.எச். வந்தால்தான் அங்குள்ள லெய்டிக் கலங்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். எஃப்.எஸ்.எச். வந்தால்தான் விந்தணுக்களை வளர்த்தெடுக்கிற சேர்டோலிக் கலங்கள் ஒழுங்காக வேலை செய்யும். நீங்கள் வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஏற்றினால், ‘இரத்தத்தில் போதியளவு இருக்கிறதே’ என்று மூளை அந்த இரண்டையும் நிறுத்திவிடும். விதைக்குள் இயல்பாக இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தச் செறிவு இருந்தால்தான் விந்தணு முதிரும். ஊசி போட்டால் இரத்தத்தில் ஏறும், விதைக்குள் வற்றிவிடும். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்தி 1990 இலும் 1996 இலும் வெளியிட்ட ஆய்வுகளில், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு விந்தணு பூச்சியத்துக்கோ அதற்குக் கிட்டவோ இறங்கியது. நிறுத்திய பிறகு திரும்பி வரும்தான், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். பிள்ளைக்காகக் கருத்தடை ஊசி போடுவானேன்?

இனி உங்கள் முதற் கேள்வி. ஹோர்மோன் சரியென்றால் விந்தணு எப்படிக் குறையும்?

கிணற்றில் தண்ணீர் நிற்கிறது என்பதற்காகத் தோட்டத்தில் பயிர் செழித்திருக்கிறது என்று சொல்ல முடியுமா, தம்பி? டெஸ்டோஸ்டிரோன் தேவையான ஒன்று, ஆனால் அது மட்டும் போதாது. அதிலும் புகைபிடிப்பவர்களுடைய இரத்த டெஸ்டோஸ்டிரோன் ரிப்போட் ஆளை ஏமாற்றும். நிக்கோட்டின் ஆண் ஹோர்மோனைக் குறைத்துவிடும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எலிகளுக்கு நிக்கோட்டின் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் அப்படித்தான் நடந்தது. டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது, விதைகளில் சேதம் தெரிந்தது, நிக்கோட்டினை நிறுத்தியதும் ஓரளவு மீண்டது. மனிதரில் படம் வேறு. பல ஆயிரம் ஆண்களை வைத்துப் பார்த்த கணக்குகளில், புகைபிடிப்பவர்களின் டெஸ்டோஸ்டிரோன் மற்றவர்களுடையதுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோதான் இருக்கிறது. 2020 இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்றில், தினமும் சிகரட் பிடிக்கும் இளைஞர்களுக்கு அது 6 வீதம் அளவில் கூடவே இருந்தது. அதே ஆய்வில் அதே ஆட்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு. ஆகவே அந்த ‘நோர்மல்’ தாளை வைத்து உங்கள் விந்தணுவை மதிப்பிட முடியாது. பாதிப்பு நடக்கிற இடமே வேறு.

எங்கே நடக்கிறது என்றால், விந்தணுவின் உடம்பிலேயே. அது முதிரும்போது தன் உட்பொருளில் பெரும்பகுதியை உதறிவிட்டு, தலையும் வாலுமாக மெலிந்துவிடுகிற கலம். அதன் மேற்சவ்வு எளிதில் ஒட்சியேற்றமடையும், அதாவது ஒட்சிசன் தாக்கிப் பழுதாகும், கொழுப்பால் ஆனது. தன்னைக் காத்துக்கொள்ளும் நொதியங்களும் அதற்குள் மிகக் குறைவு. புகையோடு வருகிற நச்சுகள் விந்துப் பாயத்தில் ஒட்சியேற்ற அழுத்தத்தைக் கூட்டுகின்றன, வெண்குருதிக் கலங்களும் கூடுகின்றன. சவ்வு பழுதானால் வால் ஓடாது. தலைக்குள் இருக்கும் மரபுப்பொருள் துண்டுபட்டால், கருக்கட்டினாலும் கரு தங்குவது கடினமாகலாம். நிக்கோட்டினும், அது உடைந்து உண்டாகும் கொட்டினினும் விந்துப் பாயத்திலேயே அளக்கக்கூடிய அளவுக்கு வந்து சேர்கின்றன. புகையிலையிலிருந்து வரும் கட்மியம் என்ற உலோகம் இன்னும் பிடிவாதமானது. ஒருமுறை உள்ளே போனால் வருடக்கணக்கில் உடம்பில் தங்கும்.

உங்கள் ரிப்போட்டைப் பார்ப்போம். 2021 இல் வந்த உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி கீழெல்லை மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், முழு அளவிலும் 39 மில்லியன், முன்னோக்கி ஓடுவது 30 வீதம். உங்களுடையது முழுவதுமாகச் சேர்த்தால் ஏறத்தாழ 19 மில்லியன். குறைவுதான், ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எல்லைகள் எப்படி வந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எடுத்து, அவர்களில் அடிமட்ட 5 வீதத்தினர் எங்கே நின்றார்கள் என்று பார்த்துக் கீறிய கோடு அது. கோட்டுக்குக் கீழே இருந்தபடியே தகப்பனானவர்களும் அதே கூட்டத்தில் இருக்கிறார்கள். அதனால் ‘மலடு’ என்ற சொல்லை உங்கள் வீட்டில் எவரும் எடுக்கக் கூடாது. நீங்களும் மனசுக்குள் எடுக்கக் கூடாது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், பிறகு அது வெளிவரத் தயாராக இரண்டு கிழமை வரை. மொத்தம் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிகரட்டை விட்டு எட்டு மாதம். அப்படியென்றால் இந்த ரிப்போட்டில் இருக்கும் விந்தணுக்கள் சிகரட் காலத்தில் உருவானவை அல்ல, வேப் காலத்தில் உருவானவை. பழைய சிகரட்டின் மிச்சம் கொஞ்சம் இருக்கலாம். மீதிக் காரணம் இப்போது உள்ளே போய்க்கொண்டிருப்பதில் இருக்கலாம், அல்லது நிக்கோட்டினோடு சம்பந்தமே இல்லாத வேறொன்றாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் வேப். மச்சான் சொன்னதில் பாதி சரி. எரிகிற புகையிலை இல்லாதபடியால் தாரும் கார்பன் மொனொக்சைட்டும் இல்லை, கட்மியமும் சிகரட் அளவுக்கு வருவதில்லை. நிக்கோட்டின் அப்படியே இருக்கிறது. கனடாவில் சட்டப்படி விற்கும் திரவத்தில் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேப்பில் செருகும் இரண்டு மில்லிலீற்றர் திரவக் குப்பி (பொட்) ஒன்றில் 40 மில்லிகிராம். அதில் எவ்வளவு உடம்புக்குள் இறங்கும் என்பது இழுக்கிற விதத்தைப் பொறுத்தது. ஒரு சிகரட்டில் உடம்பு எடுத்துக்கொள்வது 1 முதல் 1.5 மில்லிகிராம் வரைதான். சிகரட் எரிந்து முடிந்தால் கை நிற்கும். வேப்புக்கு முடிவு இல்லை, படுக்கையிலும் இழுக்கலாம், தோட்ட வரம்பிலும் இழுக்கலாம். நான் மேலே சொன்ன டென்மார்க் ஆய்வில் வேப் பாவிக்காதவர்களின் மொத்த விந்தணு எண்ணிக்கை 147 மில்லியன், தினமும் பாவிப்பவர்களுடையது 91 மில்லியன். ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு என்பதால் ‘வேப்தான் செய்தது’ என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ‘ஒண்டும் செய்யாது’ என்று அடித்துச் சொல்லவும் மச்சானுக்கு இனி முடியாது.

அதற்காக நாளைக்கே சிகரட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். சிகரட்டா வேப்பா என்று இரண்டே வழி இருந்தால், வேப்பில் நில்லுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் உங்களுக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது.

புகையிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியம். நம் ஊர்ப் புகையிலை ஒருகாலத்தில் திருவாங்கூர் வரை கப்பலேறிய சரக்கு. அதைத் தொட்டு வளர்ந்த குடும்பங்களுக்கு அதன் நச்சைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். பனி இறங்கின காலையில் வெறும் மேலோடு தோட்டத்துக்குள் நுழைந்து, இலையின் பிசினும் ஈரமும் கையிலும் மார்பிலும் ஊற வேலை செய்து, மத்தியானம் தலைசுற்றி வாந்தி வருவது போல் இருந்திருக்கிறதா? வெயில் பிடித்துவிட்டது என்று தேசிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருப்பீர்கள். 1970 இல் புளோரிடாவில் புகையிலை வெட்டும் தொழிலாளரிடம் முதன்முதலில் விவரிக்கப்பட்ட நோய் அது. இலையின் ஈரத்தில் கரைந்த நிக்கோட்டின் தோல் வழியே இரத்தத்துக்குப் போகிறது. அது ஆண்மையை இவ்வளவு பாதிக்கும் என்று இலக்கம் சொல்ல நான் வரவில்லை. நிக்கோட்டினை முற்றாக விட நினைக்கிற ஆள் ஒரு வாசலை மூடி மற்றதைத் திறந்து வைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பனி காய்ந்த பிறகு இறங்குங்கள். முழுக்கைச் சட்டையும் இறப்பர் கையுறையும் போடுங்கள். நனைந்த உடுப்போடு நிற்காமல் மாற்றுங்கள், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

வேப்பை விட்டுவிட்டு வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை போட்டுச் சமாளிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். இந்தியாவில் 638 ஆண்களிடம் செய்து 2005 இல் வெளியிட்ட ஆய்வில், மெல்லுவது கூடக்கூட விந்தணுவின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைந்துகொண்டே போயின. பாக்கு தானே புற்றுநோயை உண்டாக்கும் என்பது வேறு கதை.

விடுவது எப்படி? சிகரட்டை விட்ட ஆள் நீங்கள், அதனால் கஷ்டம் என்னவென்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. நிக்கோட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மணித்தியாலம்தான் எடுக்கும். சில நாட்களில் உடம்பு துப்புரவாகிவிடும். எரிச்சலும் நித்திரைக் குழப்பமும் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் தணியும். திரவத்தின் வலுவை 20 இலிருந்து 10, பிறகு 5 என்று இறக்கி, ஒரு திகதியைக் குறித்து நிறுத்துவது ஒரு முறை. முடியாவிட்டால் நிக்கோட்டின் சுவிங்கம். அதைச் சாதாரண சுவிங்கம் மாதிரிச் சப்பித் தள்ளக் கூடாது. மெதுவாகக் கடித்து, மிளகுக் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி இரண்டு கடி. பிளேன்ரீயோ கோப்பியோ சோடாவோ குடித்தால் 15 நிமிடம் பொறுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வாய் அதை உறிஞ்சாது. சுவிங்கத்திலும் நிக்கோட்டின்தானே என்று கேட்பீர்கள். ஆம். அதனால்தான் அதை 12 கிழமைக்குள் குறைத்து முடிக்கச் சொல்கிறோம். வருடக்கணக்கில் இழுக்கிற வேப்பைவிட மூன்று மாதச் சுவிங்கம் எனக்குச் சம்மதம். தனியாக முடியவில்லை என்றால் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 இலக்கத்துக்கு அழையுங்கள்.

நிறுத்திய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்படி நிறுத்தியவர்களிடம் எண்ணிக்கை கூடியதைக் காட்டும் ஆய்வுகள் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவில் கூடாது. ஒரேயொரு ரிப்போட்டை வைத்து எந்த மருத்துவரும் முடிவு சொல்வதில்லை, அதுவும் எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியாமல். உறவு இல்லாமல் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் இருந்து கொடுத்தீர்களா? முதலில் வரும் துளிகளிலேயே விந்தணு அதிகம், அது போத்தலுக்கு வெளியே சிந்தியதா? பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து மாதிரியை மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டு வெயிலில் டவுனுக்குக் கொண்டுவந்திருந்தால், ஓட்டம் 22 வீதம் என்று வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. கூடிய மட்டும் ஆய்வுகூடத்து அறையிலேயே எடுத்துக் கொடுங்கள். வெட்கம் ஐந்து நிமிடத்தில் போய்விடும். மாதிரி கொடுப்பதற்கு முந்திய மூன்று மாதத்துக்குள் டெங்கோ வேறு கடும் காய்ச்சலோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். காய்ச்சல் மட்டுமே விந்தணுவை மாதக்கணக்கில் குறைத்துவிடும்.

அதே சமயம் அந்த மூன்று மாதத்தைச் சும்மா காத்திருந்து கழிக்க வேண்டாம். ஒரு மருத்துவர் உங்களை நிற்கவைத்துப் பரிசோதிக்க வேண்டும். விதைப்பையில் நாளங்கள் புடைத்து முறுக்கிக்கொள்ளும் வேரிகோசீல் ஆண்களில் ஏறத்தாழ 15 வீதத்தினருக்கு இருக்கிறது. பிள்ளைக்காகச் சிகிச்சைக்கு வரும் ஆண்களில் அது மூன்றில் ஒருவருக்கு மேல். தேவையென்றால் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். சின்ன வயதில் கூகைக்கட்டு வந்து விதை வீங்கியதா, இறங்காத விதைக்குச் சத்திரசிகிச்சை செய்ததா என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள். சீனியும் பார்க்க வேண்டும். எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் எடுங்கள். டெஸ்டோஸ்டிரோனைத் திரும்பப் பார்ப்பதானால் காலையில் இரத்தம் கொடுங்கள், பின்னேரத்தில் அது இயல்பாகவே குறையும்.

நீங்கள் கூச்சப்பட்டுக் கடைசியாக எழுதியதற்கு வருகிறேன். விறைப்பு என்பது இரத்த ஓட்டத்தின் வேலை. நிக்கோட்டின் அட்ரீனலினைக் கிளப்பி நாளங்களைச் சுருக்குகிறது. 2008 இல் வெளியான ஒரு பரிசோதனையில், புகைபிடிக்காத இளைஞர்களுக்கு 6 மில்லிகிராம் நிக்கோட்டின் சுவிங்கம் கொடுத்து அளந்தார்கள். புகையும் இல்லை, தாரும் இல்லை. ஒரே நாளில் விறைப்பு 23 வீதம் குறைந்தது. அதனால் படுக்கைக்குப் போகுமுன் இழுக்கிற அந்தக் கடைசி வேப்பை இன்றிரவே விடலாம். எனக்குக் கவலை தருவது வேறு. 34 வயதில் தொடர்ந்து விறைப்புக் குறைந்தால், 15 வருடச் சிகரட்டால் நாளங்களே பழுதாகத் தொடங்கியிருக்கலாம். இருதயத்து நாளங்களைவிட ஆணுறுப்பின் நாளங்கள் சிறியவை, முதலில் அங்கேதான் தெரியும். பிரஷரும் கொலஸ்ட்ரோலும் கட்டாயம் பாருங்கள். பிள்ளை இல்லை என்ற மனப்பாரமும் இதற்குள் இருக்கும் என்பதை மறுக்கவில்லை. நாள் பார்த்து, திகதி பார்த்து உறவு வைக்கிற வீடுகளில் இது சாதாரணம்.

அம்மாவின் நேர்த்தியை நான் தடுக்க மாட்டேன். சந்நிதி முருகனிடம் போவதில் பிழையில்லை. ஆனால் உங்கள் மனைவி மூன்று வருடமாக ஊசியும் ஸ்கானும் சாத்திரமுமாகத் திரிந்திருக்கிறா, அந்த ரிப்போட் உங்கள் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. முதலில் அவவிடம் காட்டுங்கள், பிறகு அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், மனைவியைச் சொல்லவைக்காதீர்கள். வீட்டுக்குள்ளே வேப் இழுப்பதையும் நிறுத்துங்கள், அந்த ஆவி அவவுக்கும் வேண்டாம்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் எந்தக் கிளினிக்குக்கு, எந்த நாளில் போவது என்று சொல்வா. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தால் துண்டும் அங்கிருந்து கிடைக்கும். இரண்டு பேருமாகப் போங்கள், மனைவியின் பழைய ரிப்போட்டுகளோடு உங்களுடையதையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு. எத்தனை வருடம், நாளுக்கு எத்தனை சிகரட், வேப் எத்தனை மில்லிகிராம், ஜிம்மில் ஏதாவது பவுடரோ குளிசையோ எடுத்தீர்களா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கிளினிக் சனத்துக்குள் கேட்டால் பாதியை மறைத்துவிடுவீர்கள்.